மூளைக்கு மணிக்கு எவ்வளவு?

'எந்த கோச்?'

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மரத்தடி. சதுரங்கப் போட்டிக்குப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்துக்கிடந்த தாய் தகப்பன்மார் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி இதுதான். ஊர் எது, பிள்ளைக்குப் பேர் என்ன என்பதெல்லாம் பிறகு. ஒருத்தர் சென்னை அகாடமி ஒன்றைச் சொன்னார். இன்னொருத்தர் 'ஆன்லைன், வாரத்துக்கு மூணு, தனிக் கிளாஸ்' என்றார். தனி என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

அந்த மரத்தடியில் கருங்கல் பக்கத்திலிருந்து எங்கள் காலனிப் பிள்ளை ஒன்றைக் கூட்டிவந்த அம்மாவும் இருந்தார். அண்டி ஆபீசில் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். அண்டிப்பால் பட்டுக் கறுத்த விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டார்கள். 'கோச்சு ஒண்ணும் இல்ல, அங்க படிச்ச பயக்க சொல்லிக் குடுக்கானுவ' என்றார். கேட்டவர் 'ஓ' என்றார். அதற்குமேல் பேச்சு இல்லை.

கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. யாரும் யாரையும் தள்ளி நில் என்று சொல்லவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் இந்த 'ஓ'வுக்குப் பிரிவு கிடையாது. ஆனால் நான் அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோழர்கள் சிலருக்கு இந்த விஷயமே எரிச்சலைத் தரும். 'குடிநீர்த் தொட்டியில மலத்தைக் கலக்குறான், இவரு செஸ்ஸு பத்தி எழுத வந்துட்டாரு' என்பார்கள். நியாயமான கோபம். ஆனால் 1990இல் மண்டல் அறிக்கைக்கு எதிராக அவன் தெருவுக்கு வந்தபோது கையில் என்ன வைத்திருந்தான்? கத்தி இல்லை. 'தகுதி, திறமை' என்று இரண்டு சொல். இன்றைக்கும் அவன் கையில் இருப்பது அதே இரண்டு சொல்தான். அந்தத் தகுதிக்கு அவன் பொதுமேடையில் தூக்கிக் காட்டுகிற சாட்சிகளில் முதன்மையானது இந்த அறுபத்துநாலு கட்டம். கபடி என்றால் நம்ம பையன்களைத் தேடி வருவான். காலில் பலம் இருக்கு, கையில் பிடி இருக்கு என்று முதுகில் தட்டுவான். செஸ் என்றால் மூளையாம். மூளை அவனுக்கு, முழங்கால் நமக்கு. உழைப்பைக் கைவேலை என்றும் மூளைவேலை என்றும் பிரித்து, பிறப்பால் அதைப் பங்கு வைத்ததுதானே சாதி? அந்தப் பங்கு பத்திரம் இந்தப் பலகையிலும் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதில் என்ன தப்பு?

சதுரங்க வீரர்களைச் சாதிவாரியாக எண்ணிப் பார்க்கிற பழக்கம் நம் நாட்டில் கிடையாது. கேட்டால் 'விளையாட்டுல சாதியைக் கொண்டு வராதீங்க' என்பான். நாம் கொண்டு வரவில்லை, போகும்போதே அது அங்கே உட்கார்ந்திருந்தது.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். பேர் வேண்டாம். அப்பா பால்வெட்டு. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்குப் போகிறவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. அம்மா அண்டி ஆபீஸ். ஒற்றை அறை வீடு. (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பஸ்ஸில் எங்கே இறங்கணும் என்று கேட்டால் கண்டக்டர் இன்னும் காலனி என்றுதான் சொல்கிறார். அதனால் நானும் இப்போதைக்கு அப்படியே எழுதுகிறேன்.)

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. அதற்கு முன்னால் அரசுப் பள்ளிகளிலெல்லாம் போட்டி வைத்தார்கள். இவள் படிக்கிற பள்ளிக்கும் பலகைகள் வந்தன. அப்போதுதான் முதன்முதலாகக் குதிரையைத் தொட்டாள். ஒரு மாசம். ஒலிம்பியாட் முடிந்தது. பலகைகள் பீரோவுக்குள் போயின. சாவி தலைமையாசிரியரிடம். கேட்டால் 'காய் தொலைஞ்சா யாரு பொறுப்பு?' சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்கள், வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பேர் வைத்தார்கள், அரசு 90 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. பீரோ சாவிக்கு மட்டும் அரசாணை இல்லை.

அவளுடைய சித்தப்பா சவூதியில் இருக்கிறார். பிள்ளைக்கு ஆசை இருக்கு என்று கேள்விப்பட்டு மூன்று மாசத்துக்கு ஆன்லைன் கிளாசுக்குப் பணம் அனுப்பினார். மாசம் எட்டு கிளாஸ், ஆறு பிள்ளைகள் சேர்ந்த குழு, மாசத்துக்கு 2,500 ரூபாய். சொல்லிக்கொடுத்தவர் சென்னைப் பையன், கல்லூரி முடித்தவர். நல்லவர்தான். இரவில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு டாலரில் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ரூபாயில் சொல்லிக்கொடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறை அந்த மனுசனில் இல்லை என்பதுதான் விஷயமே.

முதல் நாள் அறிமுகம். பேர், படிப்பு, அப்பா அம்மாவுக்கு என்ன வேலை. ஒருத்தி சாஃப்ட்வேர் என்றாள். ஒருத்தன் டாக்டர். ஒருத்தன் பேங்க். இவள் முறை வந்தது. 'அக்ரிகல்ச்சர்' என்றாள்.

எங்களிடம் இதைச் சொன்னபோது 'ஏன் பிள்ளே, பால்வெட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?' என்று கேட்டேன்.

'பொய் ஒண்ணும் இல்லண்ணா. ரப்பரும் வெவசாயந்தானே?'

பன்னிரண்டு வயசு. ஒரு நொடியில் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள். சதுரங்கத்தில் அவள் போட்ட எந்தக் கணக்கும் இவ்வளவு வேகமாக இருந்ததில்லை. யாரும் அவள் சாதியைக் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எதைச் சொன்னால் அந்தத் திரையில் மற்ற ஐந்து முகங்களுக்குச் சமமாக இருக்கலாம் என்று.

கேமராவை அணைக்கக் கூடாது என்பது விதி. கவனிக்கிறார்களா என்று பார்க்கணுமாம். ஒற்றை அறையில் தம்பி ஓடுவான், கோழி கூவும், அடுப்புப் புகை வரும். அதனால் போனைத் தூக்கிக்கொண்டு சமூக நலக் கூடத்துத் திண்ணைக்கு வந்துவிடுவாள். அங்கேதான் ரேஞ்சும் கிடைக்கும். முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிற ஒரே இடமும் அதுதான்.

ஜூன் மாசம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்தால் அன்றைக்குக் கரண்டு கிடையாது. நாலு கிளாஸ் போச்சு. போன கிளாசுக்குக் காசு திரும்ப வராது, பதில் கிளாசும் கிடையாது என்பது சேரும்போதே ஒப்புக்கொண்ட நிபந்தனை.

இங்கே ஒரு பெரிய இடத்துச் சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்ட் 30. கொரோனாக் காலத்தில் இணையத்திலேயே ஒலிம்பியாட் நடத்தினார்கள். இறுதிச் சுற்றில் இந்தியாவும் ரஷ்யாவும். இரண்டாவது ஆட்டத்தில் நிகால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்துபோய் நேரம் முடிந்து தோற்றார்கள். உலகளவில் இணையத்தில் ஏற்பட்ட கோளாறு அது. இந்தியா முறையிட்டது. உலகக் கூட்டமைப்பின் தலைவர் இரண்டு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தார். சரியான முடிவுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. தன் குற்றம் இல்லாமல் கம்பி அறுந்தவனைத் தோற்றவன் என்று சொல்லக் கூடாது என்கிற நியாயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நியாயம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி. நம் பிள்ளைகளுக்கு எந்தெந்தக் கம்பி எந்தெந்தத் தலைமுறையில் அறுந்தது என்று முறையிட்டால், அதற்குப் பேர் சலுகை.

மூன்று மாசம் முடிந்தது. கோச் சித்தப்பாவுக்குச் செய்தி அனுப்பினார். பிள்ளைக்கு நல்ல கணக்குத் திறமை இருக்கு, இனிமேல் குழுவில் வைத்தால் வளராது, தனிக் கிளாஸ் வேண்டும், மணிக்கு 800 ரூபாய். அம்மாவுக்கு அண்டி ஆபீசில் இரண்டு நாள் வேலை செய்தால் அவ்வளவு தேறலாம். நின்றுவிட்டாள்.

களியக்காவிளை தாண்டிப் போனால் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஊரூட்டம்பலம் என்று ஓர் ஊர். 1914இல் அய்யன்காளி, பஞ்சமி என்கிற புலையப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அங்கே பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தார். அவள் உட்கார்ந்த பெஞ்சு தீட்டாகிப் போச்சு என்று பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். அது அந்தக் காலத்து முறை. அதில் புகை வரும், ஊருக்குத் தெரியும், போராட முடியும். இப்போது பெஞ்சைக் கொளுத்தவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பெஞ்சுக்கு மணிக்கு எண்ணூறு ரூபாய் வாடகை வைத்தால் போதும். உட்காருபவள் தானாக எழுந்து போய்விடுவாள். கொடுத்து வைக்கவில்லை என்று தன்னையே சொல்லிக்கொள்வாள்.

அந்த எண்ணூறு ரூபாய்க்கு என்ன விற்கிறார்கள்? விளையாடத் தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஓர் ஆட்டத்தின் தொடக்கம் பெரும்பாலும் மனப்பாடம். நூறு வருசமாக யார் யாரோ ஆடி, இப்போது கம்ப்யூட்டர் சோதித்து, இதற்கு இதுதான் பதில் என்று எழுதி வைத்த பாதைகள். தனிக் கிளாஸ் என்பது பெரும்பகுதி இந்தப் பாதைகளை, பிள்ளையின் போக்குக்குத் தக்கபடி பொறுக்கிக் கொடுப்பதுதான். நாகர்கோவில் போட்டியில் மூன்றாவது சுற்றில் இவள் ஒரு பையனிடம் பதினாலாவது நகர்த்தலில் ராணியைப் பறிகொடுத்தாள். அந்தப் பையன் அதுவரைக்கும் ஒரு நகர்த்தலுக்குக்கூட யோசிக்கவில்லை. எல்லாம் வீட்டிலேயே யோசித்தாகிவிட்டது, அவனும் யோசிக்கவில்லை, அவனுக்காக யோசித்தவருக்குக் காசு கொடுத்தாயிற்று. வேதம் ஓதுகிற மாதிரித்தான். பொருள் கேட்டால் தெரியாது, சுரம் பிசகாது. அதற்குப் பேரும் திறமைதான்.

ஆனால் ஆட்டத்தின் கடைசிப் பகுதி அப்படி இல்லை. காய்களெல்லாம் வெட்டுப்பட்டு ராஜாவும் ரெண்டு சிப்பாயும் மிஞ்சுகிற இடத்தில் மனப்பாடம் அதிக தூரம் வராது. அங்கே எதிர்நிலை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு ராஜாக்கள் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் ஒட்டி நிற்கக் கூடாது என்பது விதி. அதனால் யாருடைய முறை வருகிறதோ அவர் விலகியாக வேண்டும். விலகினால் வழி போச்சு. இதை எங்கள் வகுப்பில் வரப்பை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தோம். வரப்பில் எதிரே ஆள் வந்தால் எங்கள் பூட்டன்மார் சேற்றில் இறங்கி நின்ற சீமை இது. தீண்டாமைக்கு அடிக்கணக்கு வைத்திருந்த திருவிதாங்கூர். 'இங்கேயும் வரப்புதான் மக்களே, ஆனா யாரு இறங்கணும்ங்கறதை சாதி சொல்லாது, முறை சொல்லும். முறையை எதிராளிக்குத் தள்ளத் தெரிஞ்சா நீ இறங்க வேண்டாம்' என்றேன். அதற்கப்புறம் அந்தப் பாடத்தை அவள் மறக்கவே இல்லை. ஐந்தாவது சுற்றில் அப்படித்தான் ஜெயித்தாள், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து. ஏழு சுற்றில் நாலரைப் புள்ளி.

பாடத்தின் மொழியும் ஒரு விஷயம். ஆன்லைன் கிளாசில் ஃபோர்க், பின், ஸ்கூவர் என்று வரும். முட்கரண்டியை எங்கள் பிள்ளைகள் எங்கே கண்டார்கள்? ஒரே குதிரை ரெண்டு காயைச் சேர்த்துத் தாக்கினால் நாங்கள் கவட்டை என்கிறோம். ராஜாவுக்கு முன்னால் நகர முடியாமல் நிற்கிற காயைக் கட்டு என்கிறோம். எழுத்தில் சரியா தப்பா என்று பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ரெண்டாம் வகுப்புப் பயல் 'எண்ணே, கவட்டை போட்டுட்டேன்' என்று கத்துகிறான், அது போதும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை 7.5 - 6.5 என்று வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். எங்கள் பிள்ளைகளும் கைதட்டினார்கள், நானும்தான். தமிழ்நாடு அரசு ஐந்து கோடி ரூபாய் கொடுத்தது. அந்தப் பையனின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே விட்டார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது, நண்பர்கள் போட்டிச் செலவுக்குக் கைகொடுத்தார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தியாகத்தை நான் கேலி செய்யவில்லை. நான் கேட்பது வேறு. ஒரு டாக்டர் வீட்டுக்கே இந்தப் பாடு என்றால், பால்வெட்டுக்காரர் எந்தத் தொழிலை விடுவது? விட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. கைகொடுக்க எந்த நண்பர்? அவருடைய நண்பர்களும் விடிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான்.

ஆனந்தின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தார், உண்மை. ஆனால் அவர் வளர்ந்த இடம் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் சதுரங்கக் கழகம். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன் 1972இல் தொடங்கியது. பலகை, புத்தகம், உட்கார இடம், எதிரே விளையாட ஆள். ஜெயிக்கிறவன் எழுந்திருக்க வேண்டாம், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகணும். இப்படி ஒரு பொது இடத்தில் காய்ந்து பழுத்தவர்தான் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். மணிக்கணக்கில் விற்ற தனிப்பாடத்தில் இருந்து இந்த வரலாறு தொடங்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் கிராண்ட்மாஸ்டர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆனால் கருங்கல்லில் போய் உட்கார்ந்து விளையாட அப்படி ஒரு திண்ணை இல்லை.

சோவியத்துக்காரர்கள் அதை எங்கிருந்து கற்றார்கள்? புரட்சிக்குப் பிறகு கிரிலெங்கோ என்கிற போல்ஷ்விக் தலைவர் 1924 முதல் சதுரங்கத்தைத் தொழிலாளர் மத்தியில் கொண்டுபோகும் வேலையை எடுத்துக்கொண்டார். சிறுவர்களுக்குப் பயோனியர் மாளிகைகளில் காசில்லாமல் பாடம். (அந்தக் கிரிலெங்கோவையே 1938இல் சுட்டுக் கொன்ற அரசுதான் அது. அதைப் பூப்போட்டுக் கும்பிட நான் வரவில்லை.) திபிலிசி நகரத்தில் டிக்ரான் பெட்ரோசியான் என்று ஓர் ஆர்மீனியப் பையன். போர்க்காலத்தில் தாயும் தகப்பனும் செத்துப்போனார்கள். தெரு கூட்டிப் பிழைத்தான். பயோனியர் மாளிகையில் சதுரங்கம் படித்தான். 1963இல் போட்வின்னிக்கை வென்று உலகச் சாம்பியன் ஆனான். தெரு கூட்டிய கை. நம் ஊரில் தெரு கூட்டுகிற கைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே துடைப்பம் ஒரு பையனுடைய கஷ்ட காலம். இங்கே அது தாத்தாவுக்கும் பேரனுக்கும் சேர்த்து எழுதிய சாசனம். மாளிகையின் கதவு திறந்திருந்தது என்பது மட்டும்தான் பெட்ரோசியான் விஷயத்தில் நடந்த அற்புதம்.

பக்கத்திலேயே இருக்கிறது இன்னொன்று. திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால். குடியும் சீட்டாட்டமுமாகக் கிடந்த ஊரில் உன்னிகிருஷ்ணன் என்கிற டீக்கடைக்காரர் வருகிறவனுக்கெல்லாம் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து ஊரையே பலகைக்கு முன்னால் உட்காரவைத்தார். நைஜீரியாவில் துண்டே ஒனகோயா 2018இல் லாகோஸ் சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், 2024 ஏப்ரலில் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக நியூயார்க் வீதியில் அறுபது மணி நேரம் விடாமல் விளையாடிப் பணம் திரட்டினார். சாயா கடையில் நடக்கிற காரியம் சமூக நலக் கூடத்தில் நடக்காதா?

'ராஜாவைக் காப்பாத்த சிப்பாயைச் சாகக் கொடுக்கிற விளையாட்டு, நமக்கு எதுக்கு தோழர்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. முழுக்கத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டுப் பழைய ஆட்டவிதி அவர் சொன்னதைவிட மோசம். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய், தான் போய்ச் சேர்ந்த கட்டம் எந்தக் காயுக்கு உரியதோ அந்தக் காயாகத்தான் ஆகலாம். குதிரைக் கட்டத்துக்குப் போனால் குதிரை, அவ்வளவுதான். உயிரைக் கொடுத்து ஆறு வீடு நடந்து போனாலும் அங்கேயும் மனு உட்கார்ந்து அளந்து கொடுக்கிறான். இப்போது உலகம் முழுக்க ஆடுகிற விதியில் சிப்பாய் தான் விரும்பியதாக ஆகலாம், ராணியாகவே ஆகலாம். சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது என்று மார்தட்டுகிறவர்கள் இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அதோடு, யோசித்து ஆடுகிற ஆட்டம் நமக்குப் புதுசு என்று எவன் சொன்னது? இந்தப் பிள்ளைக்குச் சதுரங்கத்துக்கு முன்னாலேயே ஆடுபுலி தெரியும். பாட்டி சொல்லிக்கொடுத்தது. பாறையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து, மூணு புலி, பதினைஞ்சு ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டைத் தின்னும். ஆடு தின்னாது, தாண்டாது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று இடைவெளி இல்லாமல் நின்று புலியை நகர விடாமல் அடைக்கும். பாட்டி புலி பக்கம் விளையாடவே மாட்டாளாம். 'புலிய வச்சு ஜெயிக்கதுக்கு என்னத்துக்குளா மூள?' என்பாளாம். அந்தப் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பக்கத்துக் காய்க்குத் துணைக்காய் வைக்காமல் நகர்த்த மாட்டாள் இந்தப் பிள்ளை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சென்னை கோச்சுக்குத் தெரிய வழியில்லை.

கிளாஸ் நின்றபிறகு அவள் விளையாட்டை விடவில்லை. லீசெஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. பிரான்சில் திபோ துப்ளெஸ்ஸி என்பவர் 2010இல் தொடங்கியது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. புதிர்களும் பாடங்களும் எல்லாருக்கும் ஒன்றுதான். அப்பா ரப்பர் விளையிலிருந்து வந்தபிறகு போன் அவளுக்கு. பேர் போட வேண்டிய இடத்தில் கருங்கல் என்று போட்டு ஒரு எண்ணைச் சேர்த்திருக்கிறாள். பிரேசில்காரன், துருக்கிக்காரன், யார் யாரோ வருகிறார்கள். ஒருநாள் கேட்டாள்: 'அண்ணா, எதிர்ல ஆடுகவனுக்கு நான் ஆருன்னு தெரியாதுல்லா?'

தெரியாது என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் இங்கேதான் நாம் ஏமாறுகிற இடம் இருக்கிறது. இணையத்தில் சாதி இல்லை, முகம் இல்லை, ஊர் இல்லை, பார்த்தீர்களா சமத்துவம் என்று நம்மிலேயே சிலர் பேசுகிறார்கள். மூச்சு விட அது ஒரு இடம்தான், மறுக்கவில்லை. ஊருக்குள் ஒவ்வொரு நாளும் அளந்து பார்க்கப்படுகிற பிள்ளைக்கு யாரும் அளக்காத ஒரு மணி நேரம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒளிந்துகொண்டால் சமம், வெளியே வந்தால் 'அக்ரிகல்ச்சர்' என்றால் அது என்ன சமம்? பால்வெட்டுக்காரர் மகள், அண்டி ஆபீஸ்காரி மகள், இன்ன காலனி என்று வாய்திறந்து சொல்லிவிட்டு, அந்த மரத்தடியில் அந்த 'ஓ'வையும் கேட்டுவிட்டு, உள்ளே போய் விளையாட வேண்டும். அதற்குத் தனிப்பாடம் எந்த அகாடமியிலும் விற்கப்படுவதில்லை. அது இயக்கத்தின் வேலை.

ஆகவே அரசிடம் கேட்பதைக் கேட்க வேண்டும். சாம்பியனுக்குக் கோடி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றினார்கள். பேர் மாறிய விடுதிக்குள் நாலு பலகை, இரண்டு கடிகாரம், வாரத்துக்கு ரெண்டு நாள் சம்பளத்தோடு ஒரு பயிற்சியாளர். ஒலிம்பியாடுக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டால் இது சில்லறை. மணிக்கு 800 என்று விற்கிற அந்தச் சென்னைப் பையனுக்கே அந்த வேலையைக் கொடுக்கட்டும், அவனுக்கும் நிரந்தரமாக ஒரு சம்பளம் கிடைக்கும். போட்டிகளில் அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லட்டும், கூட வருகிற தாய்க்கு ஒருநாள் கூலியும் பஸ் காசும் கொடுக்கட்டும். தாயின் கூலியைக் கணக்கில் சேர்க்காத எந்த விளையாட்டுத் திட்டமும் நமக்கானது இல்லை.

அரசு செய்யும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் என்று பெருமை பேசுகிறார்கள், 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 91.75. அந்த எழுத்து இந்தச் சீமைக்கு எப்படி வந்தது? மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கம் என்கிற சாம்பவர், தஞ்சாவூர் வரை நடந்துபோய், பிறகு ரிங்கல்தௌபே பாதிரியாரைத் தன் ஊருக்கு வரவழைத்தார். 1809இல் அங்கே கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தது. ஒரு தலித் போய்க் கூட்டிவந்த படிப்பு அது. அதைப் படித்து மேலே போனவர்கள் பிறகு அவரை எந்த வரிசையில் உட்காரவைத்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உள்ள சங்கதி.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மத்தியானம் மூன்று மணிக்கு, சமூக நலக் கூடத்தில். பதினேழு பிள்ளைகள் வருகிறார்கள், ஆறு பலகை. ஒரு செட்டில் வெள்ளை யானை தொலைந்துபோய்ப் பேஸ்ட் மூடி நிற்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். கொஞ்சம் அடிக்கவும் செய்கிறாள், கண்டிக்க வேண்டியிருக்கிறது. கடைசி ஆட்டத்திலிருந்து தொடங்குகிறோம், மனப்பாடம் பிறகு. கடிகாரம் ஒன்றுகூட இல்லை. கல்லூரித் தோழர்கள் யாரிடமாவது பழைய செஸ் கடிகாரம் கிடந்தால், ரிப்பேர் ஆனாலும் பரவாயில்லை, வருகிறபோது எடுத்து வாருங்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் மாசம் ஒரு ஞாயிறு வந்தால் போதும். சாயாவும் மரச்சீனியும் உண்டு.

அடுத்த போட்டிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறோம். அதில் 'பயிற்சியாளர் / அகாடமி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. போனமுறை காலியாக விட்டோம். இந்தமுறை என்ன எழுதட்டும் என்று கேட்டாள். நம்ம ஊர்ப் பேரை எழுது என்றேன்.

'காலனின்னு சேத்தா, சேக்காமலா?' என்றாள்.

இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.